நீதிக்கட்சிப் பிளவு (1944)

நீதிக்கட்சிப் பிளவு என்பது, தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்னும் முறையான பெயரைக் கொண்டிருந்த நீதிக்கட்சி, ஆகஸ்டு 27, 1944 அன்று சேலத்தில் நடைபெற்ற மாநாட்டில் இரண்டாகப் பிரிந்த நிகழ்வைக் குறிக்கும். ஈ. வெ. இராமசாமியின் தலைமையில் இயங்கிய தீவிரப் பிரிவினர் கட்சியைக் கைப்பற்றி, அதற்குத் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டினர். இம்மாற்றத்தை ஏற்க மறுத்த சிறு மிதவாதக் குழு, தாமே உண்மையான நீதிக்கட்சி என உரிமை கோரித் தனியே இயங்கியது. கா. ந. அண்ணாதுரை கொண்டுவந்ததால் அண்ணாதுரை தீர்மானம் என்று அழைக்கப்படும் தீர்மானமே பிளவின் உடனடிக் காரணம் ஆகும்.

பெயர்கள் பற்றி

இந்திய அரசியல் வரலாற்றில் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்னும் சொற்கள் பொதுவாக 1907ல் சூரத்தில் பிளவுபட்ட காங்கிரசின் இரு பிரிவினரையே குறிக்கும். அக்காலத்து நூல்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய பாரதியையும் தீவிரவாதிகள் என்றே எழுதின. இன்று அச்சொல் வன்முறையாளரைச் சுட்டும் பொருளைப் பெற்றுவிட்டதால், இக்கட்டுரையில் தீவிரப் பிரிவினர் என்ற சொல் ஆளப்படுகிறது.

நீதிக்கட்சியைப் பழமைவாதக் கட்சி என்று வகைப்படுத்துவது ஓரளவுக்கே பொருந்தும். அரசுப் பணிகளிலும் கல்வியிலும் பிராமணரல்லாதாருக்கு உரிய பங்கைக் கோரிய வகையில் அது சீர்திருத்தக் கட்சி. நிலவுடைமை, ஆங்கிலேய ஆட்சி, சமயம் ஆகிய மூன்றையும் பொறுத்தவரை அதன் தலைவர்களுள் பெரும்பாலோர் இருப்பதைக் காக்க விரும்பியவர்கள். கட்சிக்குள் பின்னர் எழுந்த பூசல்கள் பலவற்றுக்கும் இந்த இரட்டைத் தன்மையே அடிப்படை எனலாம்.

பின்னணி

டி. எம். நாயர், பிட்டி தியாகராயர், சி. நடேசனார் ஆகியோரின் முயற்சியால் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் 1916 நவம்பரில் சென்னையில் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது தொடங்கிய ஜஸ்டிஸ் என்னும் ஆங்கில நாளிதழின் பெயராலேயே மக்கள் அதனை ஜஸ்டிஸ் கட்சி என்றும், பின்னர் நீதிக்கட்சி என்றும் அழைத்தனர். ஒரு கட்சி தன் பத்திரிகையின் பெயரால், அதிலும் ஆங்கிலப் பத்திரிகையின் பெயரால் அறியப்பட்டது அதன் தொடக்ககால இயல்பை நன்கு காட்டுகிறது. தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திர பிரகாசிகா ஆகிய இதழ்களையும் அது நடத்தியது.

1920ல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். பட்டங்களைத் துறத்தல், சட்டமன்றங்களைப் புறக்கணித்தல் என்பன அதன் திட்டத்தில் அடங்கும். நீதிக்கட்சி இதனை எதிர்த்து, காங்கிரசு புறக்கணித்த சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டு, தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 இடங்களைப் பெற்றது. தியாகராயர் முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்ததால் அ. சுப்பராயலு ரெட்டியாரும், அவருக்குப் பின் 1921 முதல் 1926 வரை பனகல் அரசரும் அப்பதவியை வகித்தனர். அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீட்டுக்கான ஆணை, பெண்களுக்கு வாக்குரிமை, இந்து சமய அறநிலையச் சட்டம் ஆகியவை இக்காலத்தின் முக்கிய நடவடிக்கைகள் ஆகும். பிற்காலத்தில் மேடைகளில் மிதவாதிகளைப் பதவி வேட்டையாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கமாயிற்று. மேற்கண்ட சட்டங்களும் ஆணைகளும் பதவியில் இருந்ததால்தான் வந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எனினும் இந்த ஆட்சி நின்ற அடித்தளம் குறுகியது. அன்றைய வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டது. நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் 1920ல் வாக்காளர் சுமார் 12 இலட்சம் பேரே. எனவே ஜமீன்தார்கள், மிராசுதாரர்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் ஆதரவு இருந்தால் தேர்தலில் வெல்ல முடிந்தது. கட்சிக்கு ஊர்தோறும் கிளை வேண்டியிருக்கவில்லை. ஜில்லா போர்டுத் தலைவர் ஒருவர் தம் பக்கம் இருப்பதே போதுமானதாக இருந்தது.

1930களின் உட்பூசல்கள்

பனகல் அரசர் 1928ல் காலமானபின் கட்சியில் அவருக்கு இணையான தலைவர் எவரும் அமையவில்லை. 1930ல் முதலமைச்சரான பி. முனுசாமி நாயுடுவின் அமைச்சரவையில் ஜமீன்தார் ஒருவரும் இடம்பெறாததால் ஜமீன்தார் அணி அதிருப்தி அடைந்தது. 1932 அக்டோபரில் தஞ்சாவூரில் கூடிய மாநாடு அமளியில் முடிந்தது. நவம்பரில் பொப்பிலி அரசர் முதலமைச்சரானார். இப்பூசலைக் கொள்கைப் பூசல் என்று கூறுவதற்கில்லை. இரு தரப்பினரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள். யார் அமைச்சராவது என்பதே அவர்களிடையே இருந்த வேறுபாடு.

அவ்வாண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை வீழ்ந்து, உழவர்கள் நிலவரி செலுத்த இயலாது துன்புற்றனர். நீதிக்கட்சி அமைச்சர்கள் மாதம் 4,300 ரூபாய்க்கும் மேல் சம்பளம் பெற்று வந்தனர். 1937ல் பதவியேற்ற காங்கிரசு அமைச்சர்கள் பெற்றது 500 ரூபாய். இந்த ஒப்பீடு கட்சிக்கு ஏற்படுத்திய கெடுதியை எந்த எதிர்ப்பிரசாரமும் ஏற்படுத்தியிருக்க முடியாது.

1937 தேர்தலில் சட்டப்பேரவையின் 215 இடங்களில் காங்கிரசு 159 இடங்களை வென்றது. நீதிக்கட்சிக்குக் கிடைத்தவை 18. பொப்பிலி அரசர் தம் சொந்த ஊரிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். பின்னர் அவர் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பதவியை மையமாகக் கொண்டு இயங்கிய கட்சி பதவி போனதும் செயலற்றுப் போனது. அந்த வெற்றிடத்திலேயே ஈ. வெ. இராமசாமி நுழைந்தார்.

பெரியாரின் தலைமை

ஈ. வெ. இராமசாமி ஈரோட்டில் செல்வம் மிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியிலிருந்து விலகிக் காங்கிரசில் சேர்ந்தவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் 1925ல் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தவர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் வ. ப. அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை நீக்க வேண்டும் என்று தீர்மானித்தது. சேலம் தீர்மானத்தின் ஒரு பகுதி இங்கேயே உருவாகிவிட்டது.

1937ல் பதவியேற்ற இராசகோபாலாச்சாரியார் அரசு, 1938ல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனை எதிர்த்த கிளர்ச்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் 1939ல் காவலில் இருந்தபோது இறந்தனர். இக்கிளர்ச்சியின்போது சிறையில் இருந்த பெரியார், 1938 டிசம்பர் இறுதியில் நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது தலைமை உரையை மாநாட்டில் ஏ. டி. பன்னீர்செல்வம் படித்தார். கட்சியின் மூத்த தலைவர்கள் மனமுவந்தே இதற்கு உடன்பட்டனர். மக்கள் கூட்டத்தைத் திரட்டவல்ல ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். ஆனால் அந்தக் கூட்டம் கட்சிக்குள் வந்தபின் தம் இடம் என்னவாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரு தரப்பினரிடமும் நன்மதிப்புப் பெற்றிருந்த பன்னீர்செல்வம், இந்தியா அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்க இலண்டன் செல்லும் வழியில், மார்ச் 1, 1940 அன்று ஓமான் வளைகுடாப் பகுதியில் ஹனிபால் என்னும் விமானம் காணாமற்போனதில் உயிரிழந்தார். இதன்பின் இரு தரப்பையும் இணைக்கும் பாலமாக எவரும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் திருவாரூரில் கூடிய மாநாடு தனித் திராவிட நாட்டைக் கோரியது.

இரு தரப்பினரின் நிலைப்பாடுகள்

மிதவாதிகளுள் உத்தமபாளையம் ஜமீன்தாரும் 1936ல் சில மாதங்கள் முதலமைச்சராக இருந்தவருமான பி. டி. இராசன், சண்டே அப்சர்வர் என்னும் ஆங்கில வார இதழை நடத்திய பாலசுப்பிரமணிய முதலியார், நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த பி. இராமச்சந்திர ரெட்டி, மணப்பாறை திருமலைசாமி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். சட்டமன்றத்துக்குள் இருந்தே உரிமைகளைப் பெற முடியும் என்றும், கடவுள் மறுப்பும் புராண எதிர்ப்பும் கட்சியின் வேலையல்ல என்றும், பெரியாரின் தலைமை ஒருவர் சொல்லே சட்டம் என்ற நிலைக்குக் கட்சியைக் கொண்டுவந்துவிட்டது என்றும் அவர்கள் கருதினர். இவற்றுள் கடைசிக் குறைபாடு ஐந்தே ஆண்டுகளில் எதிர்த்தரப்பிலிருந்தே மீண்டும் ஒலித்தது என்பதை நோக்க, அதனைத் தோற்றவர்களின் புலம்பல் என்று தள்ளிவிட இயலாது.

தீவிரப் பிரிவினர் பெரும்பாலும் இளைஞர்கள். சுயமரியாதை இயக்கத்திலோ இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியிலோ பயிற்சி பெற்றவர்கள். குடி அரசு, விடுதலை, 1942 முதல் அண்ணாதுரை நடத்திய திராவிட நாடு ஆகிய தமிழ் இதழ்கள் அவர்களிடம் இருந்தன. மிதவாதிகள் ஆங்கிலத்தில் வாதிட்டபோது இவர்கள் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலும் படிப்பகங்களிலும் தமிழில் படிக்கப்பட்டனர். சேலத்தில் முடிவு எவ்வாறு அமையும் என்பதை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே ஊகித்திருக்கலாம்.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்ப்பவர், ஆதரிப்பவர் என்று இரு தரப்பையும் பிரிப்பது தவறு. இரண்டாம் உலகப் போரில் பெரியாரும் ஆங்கிலேயரை ஆதரித்தார். ஆகவே பட்டங்களைத் துறக்கக் கோரியது அரசுக்கு எதிரான அறைகூவல் என்பதைவிடக் கட்சிக்குள் இருந்த ஒரு வகுப்பினருக்கு எதிரான அறைகூவல் என்று கொள்வதே பொருத்தம்.

சேலம் மாநாடு

அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. நிரந்தர நிலவரித் திட்டத்தின்போது ஏலத்தில் விடப்பட்ட மிட்டாக்கள் நிறைந்த மாவட்டம் அது. மிட்டா மிராசு என்னும் வழக்கு அரசியல் மேடைகளில் வசைச்சொல்லாக ஒலித்தபோது, இப்பகுதி மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டிய தேவை இருந்திராது. 1926 முதல் 1930 வரை முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டைத் திறந்துவைத்த இவரே, பிறகு காங்கிரசில் சேர்ந்து, இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது கல்வி அமைச்சராக இருந்தார். இராசகோபாலாச்சாரியாரும் இம்மாவட்டத்தவரே. அரசியல் தலைவர்கள் மலிந்த இதே மாவட்டத்தில், சோளக்காடு முதலிய கொல்லிமலை ஊர்களின் பழங்குடியினர் அக்கட்சிகளின் கணக்கில் பெரிதும் இடம்பெறவில்லை. அவர்கள் உட்பட வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1952 தேர்தலில்தான்.

நீதிக்கட்சியின் 16ஆம் மாநாடு சேலத்தில் பெரியார் தலைமையில் கூடியது. அவரைத் தலைமையிலிருந்து நீக்க வேண்டும் என்ற எண்ணம் மிதவாதிகள் சிலரிடம் இருந்தது. ஆனால் மாநாட்டுப் பந்தலில் திரண்டிருந்தோருள் மிகப் பெரும்பாலோர் பெரியாரின் தொண்டர்கள். அண்ணாதுரை தீர்மானத்தின்படி, கட்சியினர் அரசு வழங்கிய சர், திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும். கௌரவ மாஜிஸ்திரேட்டு முதலிய பதவிகளிலிருந்தும் அரசு நியமனம் செய்த பதவிகளிலிருந்தும் விலக வேண்டும். தம் பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும். தேர்தல்களில் போட்டியிடுவதில்லை என்பதும் கட்சியின் நிலையாயிற்று. இணங்காதவர்கள் கட்சியை விட்டு நீங்கியவர்களாகக் கருதப்படுவர்.

இத்தீர்மானத்தின் கூர்மையை இன்று உணர்வது எளிதன்று. ராவ் பகதூர் என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. அப்பட்டம் பெற்றவருக்கு ஆட்சியரின் அறைக்கதவு திறக்கும். அவர் பரிந்துரைத்தால் ஒருவருக்குப் பள்ளியில் இடமோ அலுவலகத்தில் வேலையோ கிடைக்கும். அதனால் ஊரில் அவருக்குச் செல்வாக்கு உண்டாகும். அச்செல்வாக்கே தேர்தலில் வாக்காக மாறும். மிதவாதிகள் கட்சிக்குக் கொண்டுவந்த முதலீடு முழுவதும் இந்தச் சங்கிலிதான். அதன் முதற் கண்ணியையே தீர்மானம் அறுத்தது. கொள்கை அளவில் கடவுள் மறுப்பையோ தனிநாட்டையோ முன்னிறுத்தியிருந்தால் வாதப் பிரதிவாதங்களுக்கு இடமிருந்திருக்கும். பட்டத்தை விடுகிறாயா, கட்சியை விடுகிறாயா என்ற கேள்விக்கு நடுநிலையான விடை ஏதும் இல்லை.

இதிலுள்ள முரணும் கவனிக்கத்தக்கது. பட்டம் துறத்தல், பதவி விலகல், சட்டமன்றப் புறக்கணிப்பு ஆகிய மூன்றும் 1920ல் காந்தியடிகள் முன்வைத்தவையே. அன்று இவற்றை எதிர்த்தே ஆட்சியைப் பிடித்த கட்சி, 24 ஆண்டுகளுக்குப் பின் இவற்றையே தன் உறுப்பினர்களுக்கு விதியாக்கியது. பெரியார் அன்று ஒத்துழையாமை இயக்கத்தில் முன்னின்றவர் என்பதால் இது தற்செயலானது என்று சொல்வதற்கில்லை.

புதிய பெயர் குறித்தும் கருத்து வேறுபாடு இருந்தது. தமிழர் கழகம் என்ற பெயரை விரும்பியவர்களுள் கி. ஆ. பெ. விசுவநாதம் குறிப்பிடத்தக்கவர். தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளையும் உள்ளடக்கிய நாட்டைக் கோரியதால் திராவிடர் என்ற சொல்லே நிலைபெற்றது. நடைமுறையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பனகல், பொப்பிலி, வேங்கடகிரி அரசர்கள் போன்ற தெலுங்குத் தலைவர்களைக் கொண்டிருந்த கட்சி, திராவிடர் கழகம் ஆனபின் ஏறத்தாழ முழுமையாகத் தமிழ்நாட்டு இயக்கமாகவே அமைந்தது.

மிதவாதிகளின் பிற்கால நிலை

விலகியவர்கள் முதலில் இராமச்சந்திர ரெட்டியின் தலைமையிலும் பின்னர் பி. டி. இராசனின் தலைமையிலும் நீதிக்கட்சி என்ற பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தினர். இக்கட்சி காங்கிரசுடன் இணக்கமான போக்கைக் கடைப்பிடித்தது. நிரந்தர நிலவரித் திட்டப் பகுதிகளை இரயத்துவாரி முறைக்கு மாற்றிய 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இவர்களது சமூக அடித்தளத்தை மேலும் தகர்த்தது.

1952 சட்டமன்றத் தேர்தலில் ஒன்பது தொகுதிகளில் போட்டியிட்டு, பி. டி. இராசனின் ஓர் இடத்தை மட்டும் வென்றது. சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் பாலசுப்பிரமணிய முதலியார் 63,254 வாக்குகள் பெற்று, காங்கிரசின் டி. டி. கிருட்டிணமாச்சாரியிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். அதன்பின் கட்சி தேர்தல்களில் போட்டியிடவில்லை. 1968ல் சென்னையில் பொன்விழாக் கொண்டாடியது.

தனி மனிதர்களைப் பொறுத்தவரை மிதவாதிகள் மறைந்துவிடவில்லை. நீதிக்கட்சி வழிவந்த கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947ல் நேருவின் அமைச்சரவையில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். பி. டி. இராசன் மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணியில் முன்னின்று உழைத்தார். 1963ல் குடமுழுக்கு நடைபெற்றது. இவரும் பெரியாரும் ஒரே கட்சியில் ஆறு ஆண்டுகள் இருந்தனர் என்பதே வியப்புக்குரியது. இவருடைய மகன் பி. டி. ஆர். பழனிவேல் இராசன் தி.மு.க.வில் சேர்ந்து 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தார். பெயரன் பழனிவேல் தியாகராசன் 2021 முதல் 2023 வரை தமிழக நிதியமைச்சராக இருந்தார். சேலத்தில் தோற்றவரின் வழித்தோன்றல்கள், தீர்மானம் கொண்டுவந்தவர் நிறுவிய கட்சியில் அமைந்தது தமிழக அரசியலின் சுவையான திருப்பங்களுள் ஒன்று.

திராவிடர் கழகத்தில் மீண்டும் பிளவு

சேலத்தில் வென்ற அணியும் நீண்டகாலம் ஒன்றாக இருக்கவில்லை. ஆகஸ்டு 15, 1947ஐத் துக்க நாளாகப் பெரியார் அறிவித்தபோது, அண்ணாதுரை அதனை மகிழ்ச்சிக்குரிய நாள் என்று எழுதினார். தலைமை ஒருவரிடமே குவிந்திருந்ததும், 1949ல் பெரியார் மணியம்மையை மணந்துகொண்டதும் மனக்கசப்பை வளர்த்தன. செப்டம்பர் 17, 1949 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது.

இம்முறை மிதவாதியின் இடத்தில் நின்றவர் அண்ணாதுரை. கட்சியினரைத் தேர்தலிலிருந்து விலக்கிய அவரே, 1956ல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களின் வாக்கெடுப்பின் வழியாகத் தேர்தலில் நுழையும் முடிவை எடுத்தார். தி.மு.க. 1957ல் 15 இடங்களையும் 1967ல் ஆட்சியையும் பெற்றது. திராவிடர் கழகம் சேலத்தில் எடுத்த முடிவின்படி இன்றுவரை தேர்தல்களில் போட்டியிடுவதில்லை.